யார்க் நகரத்து நார்த் தெருக் கோயில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் யார்க் நகரத்துக் கண்ணாடி ஓவியங்கள் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். பேராலயத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டு, நார்த் தெருவில் இருக்கும் சகல புனிதர் கோயிலை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என் மகள் லீட்ஸில் படிக்கிறாள். வரும் செப்டம்பரில் அங்கே போகிறேன், யார்க்கில் ஒரு நாள் தங்குவதாகத் திட்டம். இந்தக் கோயிலைப் பற்றித் தேடினால் ஓரிடத்தில் 11ஆம் நூற்றாண்டு என்கிறார்கள், இன்னோரிடத்தில் 13, வேறோரிடத்தில் 15. நம்மூர்க் கோயில் என்றால் கல்வெட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அங்கே எதை வைத்துச் சொல்கிறார்கள்? ஆற்றங்கரையில் தோல் பதனிடுகிறவர்கள் இருந்த தெருவில் ஒரு சின்னப் பங்குக் கோயிலுக்கு இவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடி எப்படி வந்தது? சீர்திருத்தக் காலத்திலும் உள்நாட்டுப் போரிலும் இங்கிலாந்தில் கோயில் கோயிலாக உடைத்தார்களே, இது மட்டும் எப்படித் தப்பித்தது? தளபதி ஃபேர்ஃபேக்ஸ் காப்பாற்றினார் என்று சொல்வது உண்மையா? போனால் எதை, எப்படிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

கே., நாகர்கோவில்

*

அன்புள்ள கே.,

நீங்கள் பார்த்த மூன்று நூற்றாண்டுகளும் சரிதான். ஒவ்வொன்றும் கோயிலின் ஒவ்வொரு பகுதிக்குப் பொருந்தும். இடைக்காலத்து நகரப் பங்குக் கோயில் எதற்கும் கட்டிய ஆண்டு என்று ஒன்றைச் சொல்ல முடியாது. பீடப்பகுதிக்குப் பொறுப்பு ஒருவர், மக்கள் நிற்கும் மண்டபத்துக்குப் பொறுப்பு இன்னொருவர், ஜன்னலுக்குக் காசு கொடுத்தது மூன்றாமவர். மூவரும் வெவ்வேறு தலைமுறை. ஆகவே ‘இதை எப்போது கட்டினார்கள்’ என்று கேட்பதைவிட ‘இந்தப் பகுதி யார் பொறுப்பு, யார் காசு’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் கட்டடம் வாய் திறக்கும். உங்கள் மற்ற சந்தேகங்களுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஆவணம். 1089இல் ரால்ஃப் பேகனல் என்ற நார்மன் பிரபு யார்க்கின் மிக்கிள்கேட் பகுதியில் இருந்த பரிசுத்த திரித்துவ மடத்துக்குக் கொடுத்த சொத்துகளில் இந்தக் கோயிலும் ஒன்று. கொடுப்பதற்கு ஒரு கோயில் அப்போதே இருந்திருக்க வேண்டும் அல்லவா? 11ஆம் நூற்றாண்டு என்ற கணக்கு அங்கிருந்து வருவது. ஆனால் இன்று கண்ணில் படும் சுவர்களில் அந்தக் காலத்தது என்று தொட்டுக் காட்ட ஏதுமில்லை. மண்டபத்தில் 12ஆம் நூற்றாண்டின் எச்சங்கள் உண்டு. தூண் வரிசைகள் 13ஆம் நூற்றாண்டு. கிழக்குப் பகுதியை 14ஆம் நூற்றாண்டில் மாற்றிக் கட்டினார்கள். பீடத்துக்கு மேலே தேவதூதர்கள் செதுக்கிய மரக்கூரை 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. மேற்கே சுமார் 120 அடி உயரத்துக்குப் போகும் கூம்புக் கோபுரமும் இடைக்காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் முந்தியதாகத் தூண் வரிசையில் ரோமானியத் தூண் ஒன்றின் பகுதியும் சேர்ந்து நிற்கிறது. இதில் வியப்பில்லை. கி.பி. 71இல் ரோமானியப் படை முகாமிட்டது ஊஸ் ஆற்றின் வடகிழக்குக் கரையில். குடிமக்கள் நகரம் வளர்ந்தது எதிர்க்கரையில். நார்த் தெரு அந்த எதிர்க்கரையில்தான் இருக்கிறது. மண்ணைத் தோண்டினால் செதுக்கிய கல் கிடைக்கும் ஊரில் எவரும் குவாரிக்குக் காசு கொடுக்க மாட்டார்கள்.

கல்வெட்டு இல்லாத சுவருக்குக் காலம் கணிப்பது எப்படி? முதல் தடயம் உளித்தடம். நார்மன் காலத்துக் கல்தச்சர்கள் கல்லின் முகத்தைக் கோடரியால் சாய்வாகக் கொத்திச் சமன் செய்தார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் அந்தச் சாய்கோடுகள் தெரியும். அகன்ற உளி புழக்கத்துக்கு வந்த பிறகு தடம் நேராகவும் நெருக்கமாகவும் மாறிவிடுகிறது. இரண்டாவது தடயம் நேர்க்கோட்டு இணைப்பு. சாதாரணமாகக் கல் வரிசைகள் ஒன்றுமாற்றி ஒன்று பூட்டிக்கொண்டு போகும். ஓரிடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே செங்குத்துக் கோடு தெரிந்தால், அங்கே ஒரு சுவர் முடிந்து இன்னொன்று பின்னால் வந்து ஒட்டியிருக்கிறது. மூன்றாவது, வளைவின் வடிவமும் அதன் விளிம்புச் செதுக்கலும். அரைவட்டம் முந்தியது, கூர்வளைவு பிந்தியது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிட நம்பகமானது விளிம்புச் செதுக்கல். அதன் வடிவத்தைக் கல்லில் வரைந்துகொள்ள உதவும் அச்சுப்பலகை தலைமுறைக்குத் தலைமுறை மாறியது, அதனால் நிபுணர்கள் அதை வைத்து இருபது முப்பது ஆண்டு வித்தியாசம்வரை சொல்கிறார்கள்.

வழிகாட்டி நூல்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஜன்னலில். ஜன்னலின் கல்சட்டத்துக்குக் காலம் சொல்லிவிட்டு அதையே சுவருக்கும் ஏற்றிவிடுவார்கள். பழைய சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைப்பது 14, 15ஆம் நூற்றாண்டுகளில் சர்வ சாதாரணம். அதேபோல் கண்ணாடி ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறியிருக்கும். சுவர், சட்டம், கண்ணாடி என மூன்றுக்கும் தனித்தனியாகத்தான் காலம் கேட்க வேண்டும்.

கல் தராத விவரத்தை உயில் தரும். யார்க் மறைமாவட்ட நீதிமன்றங்களில் பதிவான உயில்களின் பதிவேடுகள் 1389 முதல் இருக்கின்றன. இப்போது யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்தப் பீடத்தருகே தன்னைப் புதைக்க வேண்டும், எந்தச் சுரூபத்தின் முன் எத்தனை பவுண்டு மெழுகு எரிய வேண்டும், கூரை வேலைக்கு எவ்வளவு என்று எழுதிவைத்துவிட்டுச் செத்தார்கள். ‘புதிய வேலைக்கு’ என்று ஓர் உயிலில் வரி வந்தால் அந்த ஆண்டில் சாரம் கட்டியிருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எழுதியதெல்லாம் நடந்துவிடவில்லை. உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்கள் காசைத் தராமல் இழுத்தடித்த வழக்குகள் ஏராளம். எனவே உயிலும் கல்லும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தினால்தான் நம்ப வேண்டும்.

இனி காசுக் கணக்கு. 13ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்துத் திருச்சபையில் பொதுவாக நிலவிய விதி இது: பீடப்பகுதியின் கூரையும் சுவரும் ஜன்னலும் பங்குக்குருவின் பொறுப்பு. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, வாங்குகிறவர் அவர் என்பதால் செலவும் அவருடையது. மண்டபம், கோபுரம், மணிகள், கல்லறைத் தோட்டத்து மதில், பூசைப் புத்தகங்களில் பெரும்பகுதி ஆகியவை பங்கு மக்கள் பொறுப்பு. மக்கள் தரப்பில் வரவுசெலவு பார்க்க ஆண்டுதோறும் பொதுவாக இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். வார்டன்கள் என்று இன்றைக்கும் சொல்கிற அதே பொறுப்புதான்.

நார்த் தெருவில் இந்தப் பிரிவினையைக் கண்ணாலேயே பார்க்கலாம். பீடப்பகுதியில் ஒரு மடக்கு இருக்கை இருக்கிறது. நெடுநேரம் நின்று செபிக்கும் குருக்கள் சற்றே சாய்ந்துகொள்வதற்காக அதன் அடியில் ஒரு தாங்கு செதுக்கியிருப்பார்கள். இங்கே அந்தத் தாங்கில் தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ஊட்டும் பெலிக்கன் பறவை. 1460களின் இறுதியில் குருவாக வந்த ஜான் கில்லியட்டின் அடையாளம் அதில் இருக்கிறது. மேலே இருக்கும் தேவதூதர் கூரையும் ஏறக்குறைய அதே காலம். பீடத்துக்கு மேலே கூரை போட்டது குரு, அதற்கு வெளியே இருப்பதற்கெல்லாம் தெரு மக்கள் பொறுப்பு.

ஆனால் நகரத்துக் குருக்களில் பெரும்பாலோர் ஏழைகள். கிராமத்தில் தசமபாகம் என்றால் பத்துக் கட்டுக் கதிரில் ஒன்று, வைக்கோலில் ஒன்று, ஆட்டுக்குட்டியில் ஒன்று. கண்ணுக்குத் தெரியும், எண்ணி எடுக்கலாம். நகரத்தில் வயல் ஏது? வியாபாரியின் லாபத்தில் பத்தில் ஒன்று என்று விதி இருந்தது. லாபம் எவ்வளவு என்று சொல்கிறவர் வியாபாரியே! இதோடு யார்க்கில் மதிலுக்குள்ளும் அதையொட்டியும் ஏறக்குறைய 40 பங்குகள் இருந்தன. 1400 வாக்கில் நகர மக்கள்தொகை 12,000 முதல் 15,000வரை இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அப்படியானால் ஒரு பங்குக்குச் சராசரியாக முந்நூறு நானூறு பேர், இரண்டு மூன்று தெருக்கள். நகரம் நொடித்துப்போன பிறகு இத்தனை கோயில்களைத் தாங்க முடியவில்லை. பங்குகளை இணைத்துக் கோயில்களை மூட அனுமதிக்கும் தனிச் சட்டமே 1547இல் யார்க்குக்காக நிறைவேறியது. 1586இல் அதைச் செயல்படுத்திப் பல கோயில்களை மூடினார்கள். நார்த் தெரு அந்தப் பட்டியலில் விழவில்லை.

தோல் பதனிடும் தெருவில் இவ்வளவு கண்ணாடியா என்று கேட்டிருந்தீர்கள். அதே தெருவில் நகரத்தின் பெரும் பணக்காரர்களும் குடியிருந்தார்கள். ஆற்றங்கரை என்றால் தோல் மட்டுமா, சரக்கு இறங்கும் துறையும் அதுதான். கம்பளியும் துணியும் ஹல் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து போயின. 1412இல் யார்க்கின் மேயராக இருந்த நிக்கலஸ் பிளாக்பர்ன் இந்தப் பங்கைச் சேர்ந்த வணிகர். இன்று பீடத்தின் பின்னால் இருக்கும் கிழக்கு ஜன்னலின் அடிப்பகுதியில் அவரும் மனைவி மார்கரெட்டும் ஒரு பக்கம், அதே பெயர்கொண்ட மகனும் மருமகளும் மறுபக்கம் மண்டியிட்டிருக்கிறார்கள். மருமகளின் பெயரும் மார்கரெட். மேலே திருமுழுக்கு யோவான், மரியாவுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் அன்னம்மாள், குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் கிறிஸ்டோபர். அன்னம்மாள் கையிலுள்ள புத்தகத்தில் லத்தீன் எழுத்துகளைக்கூட வாசித்துவிடலாம். இந்த ஜன்னலின் கண்ணாடி முதலில் இருந்தது வேறு இடத்தில். பின்னர்தான் கிழக்குக்கு மாற்றினார்கள். நான் மேலே சொன்ன எச்சரிக்கைக்கு இதுவே உதாரணம்.

ஏன் கொடுத்தார்கள்? உத்தரிக்கிற ஸ்தலம். செத்தபின் அங்கே கிடக்கும் காலம், உயிரோடிருப்பவர்கள் செய்யும் செபத்தாலும் பூசையாலும் குறையும் என்பது அன்றைய நம்பிக்கை. மிகப் பெரிய பணக்காரர் நிலத்தை எழுதிவைத்து, அதன் வருமானத்தில் தனக்கென நாள்தோறும் பூசை வைக்க ஒரு குருவை அமர்த்தினார். அப்படிப்பட்ட குருவின் ஆண்டுச் சம்பளம் சுமார் 5 பவுண்டு. 1279இன் சட்டப்படி திருச்சபைக்கு நிலம் எழுத அரசரின் உரிமம் வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. அவ்வளவு முடியாதவர் ஆண்டுக்கொரு நினைவுப் பூசை வைத்தார். அதுவும் முடியாதவர் ஒரு விளக்குக்கு மெழுகு. ஜன்னல் கொடுத்தால் தன் உருவமும் பெயரும் ‘இவருக்காக மன்றாடுங்கள்’ என்ற வரியும் பூசைக்கு வரும் எல்லார் கண்ணிலும் படும். அதற்காகத்தான் காசு. இதைத் தற்பெருமை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் தனக்காக ஒரு செபம் சொல்ல வேண்டும் என்று ஒரு மேயர் மண்டியிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த மன்றாட்டு உண்மையானது.

செலவு என்ன ஆகும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பேராலயத்தின் பெரிய கிழக்கு ஜன்னலை 1405 முதல் 1408வரை செய்து முடித்த கவென்ட்ரி ஊர் ஜான் தார்ன்டனின் ஒப்பந்த விவரம் தெரிந்ததுதான். வாரத்துக்கு 4 ஷில்லிங், அதற்கு மேல் ஆண்டுக்கு 5 பவுண்டு, குறித்த காலத்தில் முடித்தால் 10 பவுண்டு. மொத்தம் சுமார் 56 பவுண்டு. படத்தைத் தன் கையாலேயே வரைய வேண்டும் என்பதும் நிபந்தனை. நார்த் தெருவின் சிறந்த ஜன்னல்களை அவருடைய பட்டறையோடு இணைத்துப் பேசுவது வழக்கம். முகங்களின் மென்மையான நிழலைப் பார்த்தால் அந்தக் கணிப்பு நியாயமாகவே தெரிகிறது.

அந்தக் கண்ணாடி எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால்தான் எது கெட்டுப்போனது, ஏன் கெட்டுப்போனது என்பது புரியும். மணலோடு பீச் மரச் சாம்பலைச் சேர்த்து உருக்குவார்கள். பழைய கைநூல் ஒன்று இரண்டு பங்கு சாம்பலுக்கு ஒரு பங்கு மணல் என்கிறது. வெள்ளைக் கண்ணாடி இங்கிலாந்திலேயே கிடைத்தது, லேசாகப் பச்சை ஓடும். நல்ல நீலமும் சிவப்பும் ரைன் ஆற்றுப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தன. நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு. செம்புச் சிவப்பு முழுக் கனத்தில் போட்டால் கறுத்துவிடும், வெளிச்சம் ஊடுருவாது. எனவே வெள்ளைக் கண்ணாடி மேல் மெல்லிய சிவப்புப் படலமாக ஏற்றினார்கள். சிவப்பு உடையில் வெள்ளை வேலைப்பாடு வேண்டுமென்றால் அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்தார்கள்.

சுண்ணாம்பு பூசிய பெரிய மேசையில் படத்தை முழு அளவில் வரைவார்கள். கண்ணாடியை அதன்மேல் வைத்துக் கோடு இழுத்து, பழுத்த இரும்பால் விரிசல் ஓடவிட்டுப் பிரித்து, விளிம்பைக் கொக்கி இரும்பால் கடித்துக் கடித்துச் சரிசெய்வார்கள். வைர முனை வந்தது பிற்காலத்தில். அப்புறம் இரும்பு அல்லது செம்புத் துருவையும் அரைத்த ஈயக் கண்ணாடியையும் பசையில் குழைத்து முகம், மடிப்பு, எழுத்து எல்லாம் தீட்டிச் சூளையில் 600 டிகிரிக்கு மேல் சுடுவார்கள். கண்ணாடி உருகி வளைந்துவிடக் கூடாது, தீட்டியது மட்டும் உருகி ஒட்ட வேண்டும். அந்த இடைவெளி மிகக் குறுகியது. சூடு போதாவிட்டால் தீட்டியது சில தலைமுறைகளில் பொடியாக உதிரும். இன்று வெறுமையாகத் தெரியும் முகங்கள் பலவற்றுக்குக் காரணம் இதுதான், எவரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. மஞ்சளுக்கு வேறு வழி. வெள்ளி உப்பைக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பூசிச் சுட்டால் வெள்ளி உள்ளே ஊறி எலுமிச்சை நிறம் முதல் செம்மஞ்சள்வரை வரும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்த இந்த முறையால் வெள்ளைத் துண்டு ஒன்றிலேயே முகமும் பொன் முடியும் சேர்ந்து அமைந்தன. நடுவே ஈயம் தேவைப்படவில்லை. 15ஆம் நூற்றாண்டு ஜன்னல்கள் வெளிச்சமாக இருப்பதும், விலையுயர்ந்த நிறக் கண்ணாடி குறைவாகத் தேவைப்பட்டதும் இதனால்தான். ஒரு தெருக் கோயிலுக்கு இது கட்டுப்படியானதற்கு இதுவும் ஒரு காரணம்.

துண்டுகளை இரு பக்கமும் பள்ளமுள்ள ஈயப்பட்டியில் செருகி, பட்டிகள் சந்திக்குமிடத்தில் பற்றவைத்து, கல்சட்டத்தில் பதித்த குறுக்கு இரும்புக் கம்பிகளில் கட்டினார்கள். ஈயப்பட்டி நூறு, நூற்றைம்பது ஆண்டில் தளர்ந்துவிடும். காற்றழுத்தத்தில் பலகை உப்பும், கண்ணாடி விரியும். ஆகவே 600 ஆண்டுப் பழைய ஜன்னலில் ஈயமும் 600 ஆண்டுப் பழையது என்று நினைக்காதீர்கள், பலமுறை மாற்றியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் சில துண்டுகள் இடம் மாறும், சில தலைகீழாகும். கம்பி துருப்பிடித்தால் பருத்துக் கல்லையே பிளக்கும். எல்லாவற்றையும்விட மோசமான பகை ஈரம். மரச்சாம்பல் கண்ணாடியில் பொட்டாசியம் அதிகம், தண்ணீர் அதை இழுத்து வெளியேற்றும். மேற்பரப்பில் முதலில் ஊசிமுனைக் குழிகள், பின் அவை இணைந்து வெண்படலம். வெளியே மழை மட்டும் காரணமில்லை. குளிர்காலத்தில் ஆட்களின் மூச்சும் பழைய எரிவாயு அடுப்புகளும் தந்த ஈரம் உள்பக்கத்தில் படிந்து, தீட்டியிருக்கும் முகத்தையே அரிக்கும். இதற்கு இன்று செய்வது, பழைய பள்ளத்தில் புதிய கண்ணாடியைப் பொருத்தி, பழையதைச் சில சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வெண்கலச் சட்டத்தில் தொங்கவிட்டு, அடியிலும் மேலும் காற்று போக இடம் விடுவது. இரு பக்கமும் உள்காற்றே படுவதால் ஈரம் கண்ணாடியில் தங்காது. யார்க்கில் இந்த வேலைகளுக்கென்றே 1967இல் கண்ணாடியாளர் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார்கள்.

உடைப்பிலிருந்து எப்படித் தப்பித்தது? புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தின்போது 1547இல் வந்த அரசாணை சுரூபங்களோடு கண்ணாடியில் இருந்த படங்களையும் சேர்த்தே அகற்றச் சொன்னது. அந்த ஆண்டு இறுதியில் வந்த சட்டம் ஆன்மப் பூசைக்கான சொத்துகளைப் பறித்தது. சுரூபத்தை எடுத்தால் மாடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். சுவரோவியத்துக்குச் சுண்ணாம்பு போதும். ஜன்னலை உடைத்தால்? யார்க்ஷயர் குளிர்காற்று உள்ளே வரும், மழை வரும், புதுக் கண்ணாடிக்கு வார்டன்கள் தெருவில் வசூல் செய்ய வேண்டும். 1577இல் வில்லியம் ஹாரிசன் இதையே எழுதுகிறார்: கோயில்களில் மற்ற படங்களெல்லாம் போய்விட்டன, ஜன்னல் கதைகள் மட்டும் பல இடங்களில் மிஞ்சியிருக்கின்றன, புதுக் கண்ணாடி போதுமான அளவு கிடைப்பதில்லை, செலவும் தாளாது என்று. விலை அதிகம் என்பதே கேடயமாயிற்று. எனவே பல கோயில்களில் மலிவான வழியைத் தேர்ந்தார்கள். ‘ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்’ என்ற வார்த்தைகளை மட்டும் பெயர்த்தார்கள், அல்லது ஒரு முகத்தை. எழுத்துப் பட்டையில் தொடக்கம் மட்டும் காணாமல் போயிருந்தால் அது காலத்தின் கோலமா, கையின் வேலையா என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபேர்ஃபேக்ஸ் கதையில் உண்மை இருக்கிறது, ஆனால் ஒருவரின் கருணையாக மட்டும் சொல்வது குறை. உள்நாட்டுப் போரில் அரசர் தரப்பிடம் இருந்த யார்க்கை நாடாளுமன்றத் தரப்பு 1644 ஏப்ரலில் முற்றுகையிட்டது. ஜூலை 2 மார்ஸ்டன் மூர் போரில் அரசர் தரப்பு தோற்றது. ஜூலை 16 யார்க் சரணடைந்தது. சரணடைந்த உடன்படிக்கையிலேயே கோயில்களையும் மற்றக் கட்டடங்களையும் சிதைக்கக் கூடாது என்ற விதி எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டுப் பெற்றது தோற்ற தரப்பு. காத்தது வென்ற தரப்பு. வென்ற தரப்பின் தளபதிகளான ஃபெர்டினாண்டோ, தாமஸ் ஃபேர்ஃபேக்ஸ் தந்தையும் மகனும் இந்த மாவட்டத்துக்காரர்கள், இந்தக் கோயில்களை அறிந்தவர்கள். அதனால் விதி ஏட்டில் மட்டும் நிற்கவில்லை. ஆனால் மதிலுக்கு வெளியே இருந்த கோயில்களுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. உடன்படிக்கைக்கு முன்னாலேயே பீரங்கிச் சண்டையில் அவை நொறுங்கிவிட்டன.

இனி, எதைப் பார்ப்பது? வடக்குப் பக்க மண்டபத்துக்கு நேராகப் போங்கள். உலகத்தின் கடைசிப் பதினைந்து நாள்களைக் காட்டும் ஜன்னல் அங்கே இருக்கிறது. 1410–20 வாக்கில் செய்தது. ‘மனசாட்சியின் முள்’ என்ற வட இங்கிலாந்து ஆங்கிலக் கவிதையை அடிப்படையாகக் கொண்டது. அந்தக் கவிதைக்கு 115க்கு மேற்பட்ட கைப்பிரதிகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்து ஆங்கிலக் கவிதை வேறெதற்கும் இவ்வளவு கிடையாது. மூன்று பத்திகள், ஐந்து வரிசைகள். கீழே இடமூலையில் தொடங்கி இடமிருந்து வலமாக வாசித்து மேலே ஏற வேண்டும். முதல் நாள் கடல் எழும்புகிறது, இரண்டாம் நாள் வற்றுகிறது, மூன்றாம் நாள் பழைய மட்டத்துக்கு வருகிறது. நான்காம் நாள் கடல் பிராணிகள் வெளியே வருகின்றன. ஐந்தாம் நாள் கடலே எரிகிறது. பிறகு மரங்கள், நிலநடுக்கம், பாறைகள். மனிதர்கள் குழிகளில் ஒளிகிறார்கள், பெட்டிகளிலிருந்து எலும்புகள் எழுகின்றன, நட்சத்திரங்கள் விழுகின்றன, எல்லாரும் சாகிறார்கள், பதினைந்தாம் நாள் உலகம் முழுதும் தீ. ஒவ்வொன்றின் அடியிலும் லத்தீனில் எழுதாமல் ஆங்கிலத்திலேயே விளக்கம். அடிவரிசைக்குக் கீழே காசு கொடுத்த ஹென்றிசன், ஹெசில் குடும்பத்தார் மண்டியிட்டிருக்கிறார்கள். கதை அவர்கள் தலைக்கு மேலேயே தொடங்கி ஏறுகிறது.

அதே மண்டபத்தில் இரக்கச் செயல்கள் ஜன்னல். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் உள்ளபடி ஆறு செயல்கள்: பசித்தவருக்கு உணவு, தாகத்துக்கு நீர், அந்நியருக்கு இடம், ஆடையற்றவருக்கு ஆடை, நோயாளியையும் சிறைப்பட்டவரையும் பார்ப்பது. இறந்தோரை அடக்கம் செய்யும் ஏழாவது தோபித்து நூலிலிருந்து பின்னால் சேர்ந்தது, இங்கே இல்லை. ஆறிலும் தாடிக்காரர் ஒருவரே வருகிறார். பிளாக்பர்ன்தான் அவர் என்று பலர் சொல்கிறார்கள். உடையும் தொப்பியும் அந்தக் காலத்து வசதியான வணிகருடையவை. சிறைப் படத்தில் மூன்று பேர் காலை மரக்கட்டைத் தொழுவில் மாட்டி உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். இந்தக் கோயிலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இந்த ஜன்னலைச் சொல்வேன்.

தெற்குப் பக்கத்தில் ஒன்பது தேவதூதர் அணிகளின் ஜன்னல். இது ஒரு காலத்தில் துண்டுக் குவியலாகிவிட்டது. 1670இல் ஹென்றி ஜான்ஸ்டன் வரைந்துவைத்திருந்த படம் கிடைத்ததால் 1965இல் அதைப் பார்த்து மீண்டும் அடுக்க முடிந்தது. தேவதூதர்களின் பின்னால் வரும் கூட்டத்தில் ஒருவர் மூக்குக்கண்ணாடி அணிந்திருக்கிறார், தேடிக் கண்டுபிடியுங்கள்.

எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்று நீங்களே ஓரளவு பிரிக்கலாம். முகம் பளிச்சென்று சுத்தமாக, நிழல் வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. 1844இல் நியூகாசிலின் வில்லியம் வெய்ல்ஸ் பட்டறை இங்கே பழுதுபார்த்திருக்கிறது. துண்டின் நிறம் ஒரே சீராக இல்லாமல் கோடும் குமிழியும் ஓடினால், மேலே குழிகள் தெரிந்தால் பழையது. முகத்தின் குறுக்கே அர்த்தமில்லாமல் ஈயக்கோடு ஓடினால் அது உடைந்த இடத்தை ஒட்டிய தடம். அதை ஓவியத்தின் கோடு என்று நினைக்க வேண்டாம்.

கோயிலின் மேற்கே ஒட்டி நிற்கும் சிறிய துறவிக் குடிலைப் பார்த்து இடைக்காலம் என்று எண்ணிவிடாதீர்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 15ஆம் நூற்றாண்டில் எம்மா ராட்டன் என்ற பெண் இந்தக் கோயிலை ஒட்டிய அறையில் துறவியாகத் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்து, குழந்தை அரசர் ஆறாம் ஹென்றியைப் பற்றிக் காட்சி கண்டது உண்மையான வரலாறு. அவர் இருந்த அறைதான் மிஞ்சவில்லை. பக்கத்துச் சந்தில் மேல்தளம் தெருவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் மரச்சட்ட வீடுகள் நிஜமாகவே 15ஆம் நூற்றாண்டு.

நேரம்: லீட்ஸிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் யார்க். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. கிழக்கு ஜன்னலுக்குக் காலை நல்லது. வடக்கு ஜன்னல்களில் நேர்வெயில் படாது, எந்த நேரமும் சரி. தெற்கு ஜன்னலை மேகமூட்டத்தில் பார்ப்பது மேல், வெயில் அடித்தால் வெள்ளைக் கண்ணாடி கூசி முகங்கள் கரைந்துவிடும். எட்டு மடங்கு பெரிதாக்கும் சிறிய தொலைநோக்கியை மறக்காமல் எடுத்துப் போங்கள், அது இல்லாமல் எழுத்துகளைப் படிக்க முடியாது. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் தொடங்குங்கள்.

மிச்ச நேரத்துக்கு இரண்டு கோயில்கள். குட்ராம்கேட் தெருவின் திரித்துவக் கோயிலில் தரை ஏறி இறங்கும், இருக்கைகளெல்லாம் கதவு வைத்த பெட்டிகள். 1470களின் தொடக்கத்தில் குரு ஜான் வாக்கர் கொடுத்த கிழக்கு ஜன்னல் அங்கே இருக்கிறது. கோனி தெருவின் மார்ட்டின் கோயில் 1942 ஏப்ரல் 29 குண்டுவீச்சில் எரிந்தது. 1437 வாக்கில் செய்த மார்ட்டின் வரலாற்று ஜன்னலை முன்னரே கழற்றி வைத்திருந்ததால் அது பிழைத்தது. 1968இல் ஜார்ஜ் பேஸ் கோயிலின் ஒரு பகுதியை மட்டும் எழுப்பி அதற்குள் அதைப் பொருத்தினார். முதலில் நார்த் தெரு, பிறகு ஆற்றைக் கடந்து கோனி தெரு, கடைசியில் குட்ராம்கேட் என்று போனால் சுற்றாமல் பேராலயத்தின் அருகே வந்து சேர்ந்துவிடுவீர்கள்.